விலக்கும் வேட்கையும்

ஒன்றைத் தொடாதே என்றவுடன் அதனைத் தொடவேண்டும் என்னும் எண்ணம் எழுதல் மனித இயல்பு. ஏதேன் தோட்டத்துக் கனியைப் பற்றிய விவிலியக் கதையும், மூடிய கலத்தைத் திறந்த பண்டோராவைப் பற்றிய கிரேக்கக் கதையும் இவ்வியல்பினையே பொருளாகக் கொண்டவை. கதையினுள்ளே காட்டப்படும் இவ்வேட்கை, கதைநூலே விலக்கப்படும்போது வாசகரிடத்தும் தோன்றுகின்றது. விலக்கப்பட்ட நூல்களினதும் திரைப்படங்களினதும் வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். விலக்குவோரும், விலக்கினாற் கவரப்பட்டு ஓடிவருவோரும் பகைவர்போலத் தோன்றினும், படிக்கும் முறையில் அவ்விரு சாராரும் ஒத்தவரே. முழுமையை விடுத்துச் சில பக்கங்களையே இரு சாராரும் தேடுகின்றனர்.

விலக்கு விளம்பரமாதல் புதிதன்று. கத்தோலிக்கத் திருச்சபை, பாப்பரசர் நான்காம் பவுலின் காலத்தில், 1559ஆம் ஆண்டில், விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலை வெளியிட்டது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்ற அப்பட்டியல் 1966 வரை நடைமுறையில் இருந்தது. ஒக்ஸ்போர்ட்டிலுள்ள பொட்லியன் நூலகத்தின் முதல் நூலகராக விளங்கிய தோமஸ் ஜேம்ஸ், உரோமாபுரி விலக்கிய நூல்களே தம் நூலகம் தேடிச் சேர்க்கவேண்டியவை எனக் கருதி, அவற்றை நிரல்படுத்தி 1627இல் அச்சிட்டார். ஒரு சாரார்க்கு விலக்குப் பட்டியலாயிருந்தது மறுசாரார்க்குக் கொள்முதற் பட்டியலாயிற்று.

பகுதியைப் படித்தலால் விளையும் கேட்டினை 1857இல் பாரிஸ் நகரில் நடந்த வழக்கொன்று தெளிவாகக் காட்டும். குஸ்தாவ் பிளோபேர் எழுதிய ‘மடம் பொவாரி’ என்னும் நாவல் 1856இல் ஒரு சஞ்சிகையில் தொடராக வெளிவந்தது. அஞ்சிய பதிப்பாசிரியர்கள் சில இடங்களை வெட்டினர். வெட்டப்பட்ட இடத்தில் யாது இருந்ததோ என்னும் ஆவலே வாசகரிடத்து மிகுந்தது. வாசகர் காண்பது துண்டங்களேயன்றி முழு நூலன்று என்று பிளோபேர் அச்சஞ்சிகையிலேயே மறுப்பெழுதினார். ஆயினும் அரசு வழக்குத் தொடுத்தது. அரசுத் தரப்பினரான ஏர்னஸ்ட் பினார் தாம் தெரிந்தெடுத்த பகுதிகளைப் படித்துக் குற்றஞ் சாட்டினார். எதிர்த்தரப்பில் வாதாடிய ஜூல் செனார், அப்பகுதிகளின் முன்னும் பின்னும் உள்ளவற்றைப் படித்துக்காட்டி, நூல் தீமையைப் புகழவில்லை, அதன் விளைவையே காட்டுகின்றது என நிறுவினார். நீதிமன்றம் கண்டனஞ் சில கூறி, ஆசிரியரை விடுதலை செய்தது. அவ்வாண்டே நூல் அச்சேறிப் பெருவிற்பனை பெற்றது. பிளோபேர் அதனைச் செனாருக்கு உரிமையாக்கினார்.

இந்நாவலின் தலைவியும் கதைகளாற் கவரப்பட்டவளே. காதற் கதைகளின் இனிய பகுதிகளை மட்டும் மனத்திற் கொண்டு, விலக்கப்பட்ட உறவுகளை நாடிக் கடனில் மூழ்கி, நஞ்சுண்டு மாள்கின்றாள். பகுதியைப் படித்தாற் கேடு விளையும் என்று கூறும் நூலே பகுதியைப் படித்தோராற் குற்றஞ் சாட்டப்பட்டது.

எல்லார்க்கும் விடுதலை கிட்டவில்லை. அதே ஆண்டில், அதே பினார் தொடுத்த வழக்கில், சார்ள் போதலேயரின் கவிதைத் தொகுதியொன்றிலிருந்து 6 கவிதைகள் நீக்கப்பட்டன. கவிஞர் 1867இல் மறைந்தார். அத்தீர்ப்பு 1949இலேயே நீக்கப்பட்டது. விலக்கு விளம்பரந் தருவதால் எழுத்தாளனுக்கு நன்மையே செய்தது என்பார் இந்தத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டமும் மெல்லவே முழுமையைப் படிக்கக் கற்றது. 1868இல் இங்கிலாந்தில் எழுந்த ஒரு தீர்ப்பை ஆதாரமாகக் கொண்டு, நூலின் தனிப்பட்ட சில பகுதிகளைக் கொண்டே அது ஆபாசமானது என முடிவுசெய்யும் வழக்கம் நிலவியது. ஜேம்ஸ் ஜொய்ஸின் ‘யுலிசீஸ்’ பற்றிய வழக்கில், நியூயோர்க் நீதிபதி ஜோன் வூல்சி நூல் முழுவதையும் படித்து, 1933இல் அது ஆபாசமன்று எனத் தீர்த்தார். இங்கிலாந்திலே 1959ஆம் ஆண்டுச் சட்டம், நூலை முழுமையாக நோக்குதல் வேண்டும் என விதித்தது.

அச்சட்டத்தின் முதற்பெரும் சோதனை 1960இல் வந்தது. டி. எச். லோறன்ஸ் 1928இல் புளோரன்ஸ் நகரில் தாமே வெளியிட்ட ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ என்னும் நாவலைப் பென்குவின் நிறுவனம் வெட்டின்றி வெளியிட முனைந்தது. அரசு வழக்கறிஞர் இழிசொற்கள் எத்தனைமுறை வருகின்றன என எண்ணிக் காட்டினார். யூரிமாரோ நீதிமன்றத்திலேயே அமர்ந்து நூலைப் படித்தபின் சாட்சியம் கேட்டனர். நவம்பர் 2ஆந் திகதி விடுதலைத் தீர்ப்புக் கிடைத்தது. 10ஆந் திகதி விற்பனை தொடங்கியபோது, ஒரே நாளில் 200,000 பிரதிகள் முடிந்தன. சுரங்கத் தொழிலும் வகுப்பு வேற்றுமையும் மனித உறவை வறட்சியாக்கியமை அந்நாவலின் உயிர்நிலை. அதனை நாடியன்றி, வழக்கறிஞர் எண்ணிக்காட்டிய பக்கங்களை நாடியே பலர் முண்டியடித்தனர் எனக் கொள்ளல் தவறாகாது.

திரைப்படத் துறையிலும் இதுவே நிகழ்ந்தது. அமெரிக்கப் படத் தயாரிப்பாளர் 1930இல் ஏற்று, 1934 முதற் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய ஒழுக்கவிதி 1968 வரை நிலவியது. 1943இல் வெளிவந்த ‘தி அவுட்லோ’ படத்தைத் தயாரித்த ஹவார்ட் ஹியூஸ், விலக்கையே விளம்பரமாக்கிக் கூட்டஞ் சேர்த்தார். விமரிசகர் அதனைப் பெரிதும் மதித்திலர். அல்பிரட் ஹிட்ச்கொக் வேறுவழி சென்றார். மிகையான முத்தக் காட்சியை விதி தடுத்தமையால், 1946இல் வெளிவந்த ‘நொட்டோரியஸ்’ படத்தில் சிறுசிறு முத்தங்களுக்கிடையே உரையாடலையும் தொலைபேசி அழைப்பையும் அமைத்து, இருவரிடை நிலவிய நெருக்கத்தை உணர்த்தினார். கூறாது உணர்த்துதலின் ஆற்றலை உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற தமிழ் மாணவர் நன்கறிவர். முன்னவர் விலக்கை விற்றார். பின்னவர் விலக்கினுள்ளும் கலையைக் கண்டார்.

எனவே, விலக்கு ஒரு படைப்புக்குக் கூட்டத்தைத் தரலாம், வாசகரைத் தருவதில்லை. தடை நீங்கியதும் கூட்டம் கலையும்; தகுதியுடையதே எஞ்சும். மாணவர் கையினின்றும் ஒரு நூலைப் பறித்தல் எளிது. அதனை முதலிலிருந்து முடிவுவரை படித்து எடைபோடப் பயிற்றுதல் அரிது. எனினும், விலக்கின் மயக்கிலிருந்து இளைஞரை மீட்கவல்லது அவ்வரிய பணியே.