தாயகம் கைமாறியபோது: சைகோன் தமிழரும் ஆறு மாத அவகாசமும்

புதுச்சேரிக் கிராமங்களில் ‘சொல்தா வீடு’ என்ற சொல்லை இன்றும் கேட்கலாம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவரின் வீடு என்பது பொருள். தமிழகத்துச் சிற்றூர்கள் சூழ்ந்த திருக்கனூர்ப் பகுதியிலும் இச்சொல் புழங்குகிறது. அடுத்த வீட்டுக்காரரும் அதே தெருவில், அதே பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர்தாம். எனினும் ஒரு வீட்டுப் பேரன் பாரீசில் வாக்களிக்கும் குடிமகன். மற்றவர் வீட்டுப் பேரன் விசாவுக்காகக் காத்திருக்கிறான். இந்த வேறுபாட்டுக்கு உழைப்பும் கல்வியும் மட்டும் காரணமல்ல. 1962 ஆகஸ்ட் 16 அன்று பாட்டனார் எந்த நாட்டில் குடியிருந்தார், அடுத்த ஆறு மாதத்துக்குள் ஒரு தாளில் கையொப்பமிட்டாரா என்பதே பெருங்காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் வியத்நாம் பிரெஞ்சுக் குடியேற்றமானபோது, பிரெஞ்சு இந்தியத் தமிழர் அங்கே சென்று குடியேறினர். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். குடும்பப் பெயர் சூடிக்கொண்ட இவர்களுள் பலர், சைகோனில் காவல், சுங்கம், வரி, சிறை ஆகிய துறைகளில் அமர்ந்தனர். அதே நகரில் வட்டித்தொழில் நடத்திய செட்டியார்களும் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்களும் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவர்கள். மொழி ஒன்றாயினும் கையிலிருந்த காகிதம் வேறு.

1954 இவர்களுக்கு இரண்டு கரைகளிலும் இடித்தது. மார்ச் 31இல் நெட்டப்பாக்கத்தில் இணைப்பாளர்கள் கொடியேற்றினர். மே 7இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. ஜூலையில் ஜெனீவா உடன்பாடு கையெழுத்தாயிற்று. அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. அயலகத்தில் வேலை பார்ப்பவனுக்குச் சொந்த ஊர் ஒருவகைக் காப்பீடு. வேலை போனால் திரும்பிப் போகலாம். சைகோன் தமிழருக்கோ வேலை கொடுத்த அரசும் ஊரை ஆண்ட அரசும் ஒன்றே. அது ஒரே ஆண்டில் இரண்டு இடத்திலும் பின்வாங்கியது.

இணைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. ஆனால் அல்ஜீரியப் போர் முடிந்த பிறகே, 1962 ஜூலையில், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது. இடைப்பட்ட ஆறாண்டுகள் மக்கள் சட்டப்படி பிரெஞ்சுக்காரராகவும் நடைமுறையில் இந்திய ஆட்சியின் கீழும் வாழ்ந்தனர்.

ஒப்பந்தத்தின் நுட்பம் அதன் குடியுரிமைப் பிரிவுகளில் இருக்கிறது. இம்மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருந்தவர் தாமாகவே இந்தியராவார். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமெனில் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர் தாமாகவே பிரெஞ்சுக்காரராகத் தொடர்வார். இந்தியராக விரும்பினால் அவர்தான் எழுதித் தரவேண்டும். ஆக, ஒன்றும் செய்யாமலிருந்த அண்ணன் சைகோனில் பிரெஞ்சுக்காரர். ஒன்றும் செய்யாமலிருந்த தம்பி திருக்கனூரில் இந்தியர். மணமாகாத, 18 வயது நிறையாத பிள்ளைகளின் நிலையையும் தந்தையின் அறிவிப்பே முடிவு செய்தது. இங்கே பிரெஞ்சுக் குடியுரிமையைக் கேட்டு எழுதியோர் சுமார் 5,000 பேர்தாம். ஏற்கனவே அரசுப் பணியிலும் படையிலும் இருந்தவர்க்கு அந்தத் தாளின் மதிப்பு தெரியும். நிலத்தில் உழுதவனுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? விடுதலைக்கு நின்றவர்கள் பலர் தெரிந்தே கையொப்பமிடாமல் விட்டனர். அதனை ஏமாளித்தனம் என்று இன்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

சைகோனை ஒட்டிய சோலோனில் வாழ்ந்த சீனர்களின் நிலை இதற்கு நேர்மாறு. 1949க்குப் பின் அவர்களின் தாயகத்துக்கு உரிமை கொண்டாடிய அரசுகள் இரண்டு: பீக்கிங்கிலும் தைவானிலும். 1955இல் பாண்டுங் மாநாட்டையொட்டிச் சீனாவும் இந்தோனேசியாவும் இரட்டைக் குடியுரிமையை நீக்க ஒப்பந்தம் செய்து, சீனர்களுக்கு ஏதேனும் ஒரு நாட்டைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பளித்தன. தென் வியத்நாமில் அந்த வாய்ப்பும் இல்லை. 1956 ஆகஸ்டில் அங்கே பிறந்த சீனர் அனைவரும் வியத்நாமியரே என்று இங்கோ தின் சியெம் அரசு ஆணையிட்டது. செப்டம்பரில் வெளிநாட்டவர்க்குப் பதினொரு தொழில்கள் தடைசெய்யப்பட்டன. தைவான் எதிர்ப்புத் தெரிவித்தும் ஆணை மாறவில்லை.

புதுச்சேரியில் அந்த ஆறு மாதம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1962 அக்டோபரில், இந்திய–சீனப் போர் மூண்டது. அசாமிலும் வடவங்கத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர் இராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு ரயிலேற்றப்பட்டனர். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ ஒருகாலத்தில் எதிரி நாட்டுக் குடிமக்களாக இருந்தாலே ஒருவரை அயலாராகக் கருதச் சட்டம் இடமளித்தது. சிலர் 1967 வரை அங்கே இருந்தனர். ஒரே அரசு, ஒரே பருவத்தில், ஒரு சாராரிடம் ‘எந்த நாட்டினராக விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டது. மற்றொரு சாராரிடம் கேட்கவேயில்லை.

1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தபின், பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருந்த தமிழர் பலர் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தனர். இந்தியக் கடவுச்சீட்டினர் கடைகளை இழந்து தமிழகம் திரும்பினர். 1962இல் பெரிதாகத் தோன்றாத அந்தக் காகிதத்தின் விலை அன்றுதான் தெரிந்தது. இன்றும் புதுச்சேரியின் எத்தா சிவில் பதிவேடுகளில் பாட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேடி வருவோர் உண்டு. தேவ்லிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எதிராக நின்றதும் பாட்டனாரின் பிறப்பிடம்தான்.