அவசரத்தில் பிறந்த சொற்கள்

மொழியைச் சிதைப்பவை என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடும் சொற்களுள் இணையவழிப் பாத்திர விளையாட்டுக்காரர்களின் சுருக்கங்களும் அடங்கும். 'ஏஎஃப்கே', 'எல்எஃப்ஜி', 'ஓஓஎம்' என்று திரையில் ஓடுபவை புறத்தாருக்கு வெறும் எழுத்துக்குவியல். ஆனால் அவற்றின் தடம் பற்றிப் பின்னே சென்றால், ஒரு கூட்டம் தனக்கென மொழி சமைத்துக்கொண்ட வரலாறு புலப்படும்.

முதல் அடுக்கு கணினிக்கு வெளியே அமைந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பகடையும் கொண்டு ஆடுவது. உயிர்வலிமையைக் குறிக்கும் 'எச்பி', பட்டறிவுப் புள்ளிகளைக் குறிக்கும் 'எக்ஸ்பி' ஆகியவை அந்த மேசையிலிருந்து வந்தவை.

இரண்டாம் அடுக்கு 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. அங்கு மாணவராயிருந்த ராய் ட்ரப்ஷா, பலர் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய 'மட்' என்னும் விளையாட்டை எழுதத் தொடங்கினார். உடன் பயின்ற ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். அதில் படங்கள் இல்லை. குகையும் காடும் எழுத்தால் ஆனவை. தாமாக இடம்பெயரும் உயிர்களைப் பார்ட்டில் 'மொபைல்' என்றார். அது 'மாப்' எனக் குறுகி, இன்றும் வழங்குகிறது. கும்பல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து இது நேரே வந்ததன்று.

1999இல் வந்த 'எவர்க்வெஸ்ட்' இம்மொழிக்கு அவசரத்தைக் கற்பித்தது. அதன் தொடக்க ஆண்டுகளில் சாவு கொடியது. ஈட்டிய பட்டறிவுப் புள்ளிகள் குறையும். உடைமைகள் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். வெறுங்கையோடு திரும்ப ஓடி மீட்க வேண்டும். போரிடும் கைகளே தட்டச்சும் செய்தாக வேண்டிய நிலையில் நீண்ட வாக்கியத்துக்கு இடமேது? 'மந்திர ஆற்றல் தீர்ந்துவிட்டது, இனி உங்களைக் காக்க இயலாது' என்று குணமாக்குபவர் சொல்லவேண்டியதை 'ஓஓஎம்' என்னும் மூன்றெழுத்து சொன்னது. தப்பியோடும் ஒருவரின் பின்னே அரக்கர் வரிசையாகத் துரத்திவந்தால், வழியில் நிற்போரை எச்சரிக்க 'ட்ரெயின்' என்ற ஒரு சொல் போதும். நிலை உயரும்போது எழும் மணியோசையே 'டிங்' என்னும் சொல்லாயிற்று. 2004இல் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இச்சொற்களை இன்னும் பெருங்கூட்டத்திடம் கொண்டு சேர்த்தது.

நன்னூலார் வகுத்த குழூஉக்குறி நமக்கு நினைவில் வருவது இயல்பே. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது பிறர் அறியாதிருக்க. விளையாட்டுக்காரர் சுருக்கியதோ தம்மவர் விரைந்து அறிய. நோக்கம் எதிரெதிர்; எனினும் இரண்டிலும் புதியவர் வாயிலுக்கு வெளியே நிற்கிறார். அவருக்கு 'நூப்' என்று ஏளனப் பெயரும் கிடைத்தது. விரைவுக்காகப் பிறந்த மொழி, நாளடைவில் வேலியும் ஆயிற்று.

இச்சொற்களுள் சில மிக நீண்ட பயணம் செய்தவை. வீழ்த்திய பகையிடமிருந்து எடுக்கும் பொருளான 'லூட்', கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இந்தியிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொல். 'ஓஓஎம்' என்பதன் இறுதி எழுத்து குறிக்கும் 'மானா' பசிபிக் தீவு மக்களுடையது. மனிதரிடத்தும் பொருளிடத்தும் உறையும் ஆற்றலாக அவர்கள் அதை நம்பினர். ராபர்ட் காட்ரிங்டன் 1891இல் மெலனீசியர் பற்றி எழுதிய நூல் அதை ஐரோப்பிய அறிஞரிடையே பரப்பியது. லாரி நிவன் 1969இல் எழுதிய கதையொன்றில் அது செலவழித்தால் தீர்ந்துபோகும் வளமாக மாறியது. விளையாட்டுகளில் அது எண்ணிக்கையாகவே சுருங்கிவிட்டது. ஒரு மக்களின் புனிதம், திரையோரத்தில் குறைந்துகொண்டே போகும் நீலக்கோடாயிற்று. ஆடுபவர் இதை அறியார், நாமும் கேட்டதில்லை.

வகுப்பறையில் குழூஉக்குறி நடத்தும்போது நாம் 'பறி'யோடு நின்றுவிடுகிறோம். எதிரே அமர்ந்திருக்கும் மாணவரிடமும் ஒரு குழூஉக்குறி இருக்கிறது. அதைத் திருத்தத் தொடங்குமுன் அதன் பொருளைக் கேட்டறிவது, மொழி கற்பிக்கும் நம் கடமையேயாகும்.