தோணியின் பின்புறம் நின்றவர்

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ராஜா யானை மேல் பவனி வந்தால் ஜனங்கள் ராஜாவைப் பார்ப்பார்கள்; நாங்கள் யானைப்பாகனைப் பார்த்துக் கொண்டிருப்போம். இந்தப் பழக்கத்தை விடாமல் துரைமார்களின் மீன் வேட்டைப் புத்தகங்களைப் படித்தால் ஒரு விஷயம் உறுத்தாமல் போகாது. பிடித்த மீனின் எடை இருக்கும், நீளம் இருக்கும், எந்தத் தூண்டில், எந்த நரம்பு என்ற விவரமெல்லாம் இருக்கும். தோணியின் பின்புறம் கழியை ஊன்றி நின்று, "அதோ, அங்கே போடுங்கள்" என்று கை காட்டினாரே ஒருவர், அவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது.

அந்த மனிதரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மீனைக் காட்டுவது ஒரு தொழிலா என்று கேட்கலாம். அமெரிக்காவின் தென்கரையில் அது நல்ல வருமானமுள்ள தொழில். லூயிசியானா, டெக்சாஸ் பக்கத்துக் கழிகளில் ஒன்றிரண்டு அடித் தண்ணீரில் ஒரு சிவப்பு மீன் மேய வரும். அடிவாலில் கறுப்புப் பொட்டு வைத்திருக்கும். நண்டைத் தேடித் தலையைச் சேற்றில் புதைக்கும்போது வால் நுனி தண்ணீருக்கு மேலே ஆடும். படகின் பின்புறம் உயரமான பலகை மேல் நிற்கிற வழிகாட்டி அதைக் கண்டுவிட்டு, கடிகார முள்ளைக் கணக்காக வைத்து, "பத்து மணி பக்கம், நாற்பதடி தூரம்" என்று மெல்லச் சொல்வார். தூண்டிலைப் பிடித்திருக்கும் கனவான் அந்த இடத்தில் வீச வேண்டியதுதான் பாக்கி. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் ஒருவர் இந்த மீனை மசாலாவில் புரட்டிக் கருகக் கருகச் சமைத்துக் காட்டினார். நாடே அதற்கு அடிமையாகி, கடலில் மீன் குறைந்து, சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. செத்த மீனை விட உயிரோடிருக்கும் மீன் அதிகம் சம்பாதித்துத் தரும் என்பது அப்புறம் புரிந்தது.

இந்த அமெரிக்க மீன் நமக்கு அந்நியமல்ல. நம்முடைய கத்தாளைக்குப் பங்காளி முறை. இந்தக் குலத்து மீன்கள் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பையை அதிரவைத்து முரசு போல ஒலி எழுப்பும். கத்தாளைக்கு விஞ்ஞானப் பெயர் வந்த கதையும் கேட்கத் தக்கது. தரங்கம்பாடியில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இருந்தார். நம் கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினில் இருந்த வைத்தியர் மார்குஸ் பிளோக்குக்கு அனுப்பி வைத்தார். பிளோக் 1793-இல் ஒரு கத்தாளை இனத்துக்கு, நண்பர் ஞாபகமாக, 'ஜானியஸ்' என்று குலப்பெயர் சூட்டினார். அதில் ஒரு வகைக்கு 'கருத்தா' என்று பெயர். லத்தீன் என்று நினைத்துவிட வேண்டாம். 'கருத்த கத்தாளை' என்று நம் மீனவர் சொன்னதில் பாதி அது! பாதிரியாருக்குக் குலப்பெயர் கிடைத்தது. மீனவரின் சொல்லுக்கும் ஓர் இடம் கிடைத்தது. சொன்ன மீனவர் யாரோ, இன்னாரென்று தெரியாது.

சென்னப்பட்டணத்தில் இந்தக் கதை நடந்த இடம் எண்ணூர். பேசில் காக்ரேன் என்ற துரை 1801-இல் அனுமதி பெற்று, பட்டணத்திலிருந்து எண்ணூர் கழி வரை 11 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார். 1806-இல் படகுகள் ஓடின. 1878-இல் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது இந்தக் கால்வாயும் சேர்ந்ததுதான். விறகும் உப்பும் வந்த அதே வழியில் துரைமார்களும் உல்லாசமாகப் போனார்கள். கடலுக்கும் கழிக்கும் நடுவே பங்களாக்கள் எழுந்தன. படகோட்டமும் மீன்பிடிப்பும் பொழுதுபோக்கு.

சென்னை ராஜதானியின் சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய 'இந்தியாவில் தூண்டில்' என்ற புத்தகம் 1873-இல் மங்களூரில் அச்சாயிற்று. அதற்குப் பிறகு துரைமார் நடுவே தூண்டில் ஒரு சாஸ்திரமாகவே ஆகிவிட்டது. சென்னைப் படையில் வைத்தியராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை 'இந்தியாவின் மீன்கள்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். பல மீன்களுக்குத் தமிழ்ப் பெயரையும் கேட்டு எழுதினார். கொடுவா அதில் கொடுவாவாகவே இருக்கிறது. கேட்டவர் டே துரை. சொன்னவர்கள்?

சொன்னவர்களுக்கு என்ன தெரியும் என்று கொஞ்சம் பார்ப்போம். கொசஸ்தலையாறு மேற்கிலிருந்து வருகிறது, கால்வாய் வடக்கும் தெற்குமாக அதைக் குறுக்கிடுகிறது, கிழக்கே முகத்துவாரம். ஆற்று நீரும் கடல் நீரும் தினம் இரண்டு வேளை ஒன்றையொன்று தள்ளிப் பார்க்கிற இடம். கொண்டல் அடித்தால் ஒரு விதம், கச்சான் அடித்தால் ஒரு விதம், வாடையில் வேறு விதம். தண்ணீர் மேல் ஒரு சுருக்கம் ஓடினால், அது காற்றா, மடவைக் கூட்டமா, மடவையை அடியிலிருந்து கொடுவா துரத்துகிறதா என்று சொல்ல வேண்டும். கொடுவா விசித்திரமான பிறவி. முதலில் ஆணாக இருந்து, வயதேறிய பின் பெண்ணாக மாறும். முட்டையிட உப்பு நீரை நாடி முகத்துவாரத்துக்கு இறங்கும். அதன் குஞ்சுகள் கழிக்குள் வந்து வளரும். எனவே வாய் அடைபட்டால் வம்சமே அடைபட்டது போலத்தான்.

இருளர்களின் வித்தை இன்னொரு தினுசு. தோணியும் இல்லை, வலையும் இல்லை. ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக் கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலை எடுப்பார்கள். விரல்தான் அவர்களுக்குக் கண். வடக்கே பழவேற்காட்டில் 'பாடு' என்று ஓர் ஏற்பாடு உண்டு. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துக் கொள்வார்கள். தண்ணீரை அறிந்திருந்தால் போதாது, பகிர்ந்து கொள்ளவும் வேண்டும் என்பதை எழுதப்படாத சட்டமாக வைத்திருந்தார்கள்.

இந்த அறிவுக்கு எப்போதாவது மரியாதை கிடைத்திருக்கிறதா? காவிரியில் கொஞ்ச காலம் கிடைத்தது. 1970-களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து சில தூண்டில்காரர்கள் மகசீர் என்ற ராட்சதக் கெண்டையைத் தேடி வந்தார்கள். பிறகு கர்நாடகத்துப் பீமேஸ்வரி, கலிபோர் பக்கங்களில் முகாம்கள் ஏற்பட்டன. ஆற்றில் வெடி போட்டும் திருட்டுத்தனமாகவும் மீன் பிடித்தவர்களில் சிலரே அங்கே வழிகாட்டிகளானார்கள். மீனைப் பிடித்து, எடை பார்த்து, திரும்ப விட்டு விடுவது வழக்கம். பிடித்த கணக்கு நோட்டில் ஏறியது. ஒரு முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிய கணக்கைப் பிற்பாடு விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் தேய்ந்து வருவது தெரிந்தது. 2018-இல் அது மிக மோசமான அபாயத்தில் இருக்கும் இனமாகச் சர்வதேசப் பட்டியலில் ஏறியது. அதற்குள் சரணாலயத்தில் தூண்டில் கூடாதென்று முகாம்களும் ஓய்ந்து, வழிகாட்டிகள் வேலை இழந்திருந்தார்கள். ஆனாலும் நோட்டு இருந்தது; அது சாட்சி சொல்லிற்று.

எண்ணூரில் கணக்கு மீனவர்களின் நினைவில்தான் ஏறியது. அந்த நினைவைச் சோதிப்பது போல ஒவ்வொன்றாக வந்தன. 1876-இல் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் மணலைத் தெற்கே தடுத்து மெரீனாவை அகலமாக்கின. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரை இழந்தன. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது; 2017-இல் மூடப்பட்டது. 1994-இல் வடசென்னை அனல் மின் நிலையம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். சாம்பல் கரைசல் கொண்டு போகும் குழாய்கள் ஒழுகி, ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தது. ஆள் மூழ்கும் ஆழத்தில் இப்போது முழங்கால் தண்ணீர் என்கிறார்கள் அங்கே வலை வீசுகிறவர்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டையிலிருந்து எண்ணெய் இறங்கிக் கழி முழுவதும் பரவிற்று. அதை அள்ளியவர்கள் யார் தெரியுமா? அதே மீனவர்கள்தான், வாளியாலும் குவளையாலும், வெறும் கையாலும். தென் அமெரிக்கச் சிப்பி ஒன்று அடித்தளத்தில் கம்பளம் போலப் படர்ந்து இறாலை விரட்டியபோதும், 'காக்கா ஆழி' என்று பெயரிட்டுக் கூச்சல் போட்டவர்கள் அவர்களே. சாம்பலும் எண்ணெயும் சிப்பியும் பிறகுதான் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காயின.

"இதெல்லாம் நாட்டு முன்னேற்றத்துக்குக் கொடுக்கும் விலை ஐயா!" என்று ஒரு வாசகர் சொல்லலாம். மின்சார விளக்கின் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிற நான் மின்சாரம் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு விஷயம். கோயில் இடிந்தால் கல்வெட்டைப் படியெடுத்து வைக்கலாம். அரண்மனை போனால் படம் மிஞ்சும். கழியை அறிந்தவரின் அறிவு கழிக்கு வெளியே செல்லாத நாணயம். ஆழம் தூர்ந்தால் அந்த ஆழத்தின் பெயரும் தூர்ந்துவிடும். மீன் வராத மூலையை மகனுக்கு எந்தத் தகப்பன் காட்டிக் கொடுப்பான்?

துரைமார் காலத்தில் பின்புறம் நின்றவரின் சொல் கேட்கப்பட்டது, பெயர் எழுதப்படவில்லை. நம் காலத்தில் மனுக்களில் பெயர் இருக்கிறது. சொல் கேட்கப்படுவதற்குத் தாமதமாகிறது. எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த தடவை எண்ணூர்க் கழியின் ஆழத்தை அளக்க அதிகாரிகள் போகும்போது, கருவியை இறக்குவதற்கு முன் தோணியின் பின்புறம் திரும்பி, "போன வருஷம் இங்கே எவ்வளவு இருந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அவர் சொல்லுகிற பதிலோடு அவர் பெயரையும் சேர்த்து எழுதிக் கொள்ளட்டும்.