சமயமும் அரசும்: மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தின் அனுபவம்

அரச அதிகாரத்திற்கும் சமய நம்பிக்கைக்கும் இடையே நிலவவேண்டிய தொடர்பு யாது என்பது கிறிஸ்தவ உலகின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். உரோமப் பேரரசின் கீழ் ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினரின் சமயமாக மூன்று நூற்றாண்டுகள் வாழ்ந்த கிறிஸ்தவம், 380ஆம் ஆண்டில் அப்பேரரசின் சமயமாகவே ஆக்கப்பட்டது. அன்று முதல், அரசனைத் திருத்தும் உரிமை திருச்சபைக்கு உண்டா, திருச்சபையைக் காக்கும் பொறுப்பு அரசனுக்கு உண்டா, தவறான நம்பிக்கையைத் தண்டித்தல் அரசின் கடமையா என்னும் வினாக்கள் ஓய்ந்ததில்லை. மத்திய காலத்தில் பாப்பரசரும் பேரரசரும் இவ்வினாக்களை முன்னிட்டே மோதினர். பதினாறாம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தம் அவற்றைத் தீர்க்கவில்லை. அவை தோன்றும் இடங்களைப் பெருக்கியது.

இவ்வினாக்களுக்குக் கூறப்பட்ட விடைகள் பெரும்பாலும் பழைய அரசுகளின் வழக்கங்களோடும் மன்னரின் நலன்களோடும் கலந்தே நடைமுறைக்கு வந்தன. ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் விரிகுடாவில் ஏற்பட்ட ஆங்கிலக் குடியேற்றம் வேறுபட்டது. அங்கே அரசனும் ஆயரும் கடலுக்கு அப்பால் இருந்தனர். தாம் நம்பிய கொள்கைப்படி ஒரு சமுதாயத்தை அடித்தளத்திலிருந்து கட்டியெழுப்பும் வாய்ப்பு ஒரு சமயக் குழுவினருக்குக் கிட்டியது. அவ்வகையில் அது ஒரு கொள்கையின் பரிசோதனைக் களம் எனலாம்.

இங்கிலாந்துத் திருச்சபை உரோமாபுரியின் ஆட்சியினின்றும் விடுபட்ட பின்னரும் பழைய சடங்குகளையும் ஆயராட்சியையும் கைவிடவில்லை எனக் குறைகூறியோர் ‘பியூரிற்றன்’ எனப்பட்ட தூய்மைவாதிகள். அவர்களுட் சிலர் அத்திருச்சபையைவிட்டு முற்றாகப் பிரிந்தனர். 1620இல் பிளிமத்தில் குடியேறியோர் இத்தகையோரே. பெரும்பாலானோர் திருச்சபைக்குள் இருந்தவாறே அதனைத் திருத்த விழைந்தனர். முதலாம் சாள்ஸ் மன்னனின் ஆட்சியில் அந்நம்பிக்கை தளர்ந்தபொழுது, 1629இல் அரச சாசனம் பெற்ற மசச்சூசெற்ஸ் விரிகுடாக் கம்பனியின் வாயிலாக அவர்கள் கடல் கடந்தனர். 1630இல் யோன் வின்திறொப்பின் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் சென்று பொஸ்ரன் முதலிய ஊர்களை நிறுவினர். அடுத்த பத்தாண்டுகளில் புதிய இங்கிலாந்து எனப்பட்ட அப்பிரதேசத்திற்கு ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் சென்றனர்.

இக்குடியேற்றத்தின் அரசியற் சிந்தனைக்கு மையமாக அமைந்தது உடன்படிக்கை என்னும் கருத்தாகும். கடவுள் பண்டைய இஸ்ரவேலரோடு செய்ததுபோலத் தம்மோடும் ஓர் உடன்படிக்கை செய்துள்ளார் என அவர்கள் நம்பினர். அதனைக் காப்பாற்றினால் சமுதாயம் முழுவதும் செழிக்கும். மீறினால் சமுதாயம் முழுவதும் தண்டிக்கப்படும். தமது சமுதாயம் மலைமேல் அமைந்த நகர்போல உலகின் கண்முன் நிற்கும் என வின்திறொப் கூறியதில் பெருமிதத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. ஒருவனின் பாவம் அனைவரையும் அழிக்குமெனின், ஒருவனின் நம்பிக்கை அவனுடைய சொந்த விடயமாக இருத்தல் இயலாது. பின்னர் நிகழ்ந்த ஒடுக்குமுறைகளை விளங்கிக்கொள்வதற்கு இந்த அச்சத்தை மனங்கொள்ளுதல் அவசியமாகும்.

1631இல் குடியேற்றத்தின் பொதுமன்றம் வாக்குரிமையைத் திருச்சபை உறுப்பினருக்கு மட்டும் உரியதாக்கியது. சில ஆண்டுகளுள், தன் உள்ளத்தில் கடவுளின் அருள் செயற்பட்ட வரலாற்றைச் சபை முன் எடுத்துரைத்து ஏற்கப்பட்டவரே உறுப்பினராகலாம் என்னும் வழக்கமும் நிலைபெற்றது. இங்கிலாந்தில் நிலவுடைமை வாக்குரிமைக்கு அளவுகோலாக இருந்தது. இங்கோ ஆன்மிக அனுபவம் அளவுகோலாயிற்று.

எனினும் இதனைக் குருமாரின் ஆட்சி எனக் கருதுதல் பொருந்தாது. மசச்சூசெற்ஸில் போதகர்கள் அரசாங்கப் பதவி வகிக்கவில்லை. விவாகம் திருச்சபைச் சடங்காகவன்றிக் குடியியல் ஒப்பந்தமாகவே நடந்தது. நதானியல் வாட் என்பவர் வரைந்து 1641இல் ஏற்கப்பட்ட உரிமைகள் தொகுப்பு, வெளிப்படையான சட்டமின்றி எவரது உயிரையும் உடைமையையும் பறித்தலாகாது என விதித்தது. 1636இல் பின்னர் ஹாவாட் எனப் பெயர்பெற்ற கல்லூரி நிறுவப்பட்டது. 1647இன் சட்டம் ஐம்பது குடும்பங்கள் கொண்ட ஒவ்வோர் ஊரும் எழுத்தறிவிக்கும் ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்றது. சமய நம்பிக்கை சமுதாயத்தில் ஆக்கபூர்வமாகச் செயற்படக்கூடியது என்பதற்கு இவை சான்றுகளாகும். ஆயின் அதே உரிமைகள் தொகுப்பு, பிற தெய்வ வழிபாட்டையும் தெய்வநிந்தனையையும் விவிலிய ஆதாரங்காட்டி மரணதண்டனைக்குரிய குற்றங்களாக்கியது என்பதும் நோக்கற்பாலது.

இதற்கு அடிப்படையாக இருந்த கொள்கை தெளிவானது. மோசேக்கு அருளப்பட்ட பத்துக் கட்டளைகள் இரு பலகைகளில் அமைந்தவை. முதற்பலகை கடவுளுக்கு மனிதன் ஆற்றும் கடமைகளையும், இரண்டாம் பலகை மனிதர் ஒருவருக்கொருவர் ஆற்றும் கடமைகளையும் கூறுவது. கொலை, களவு முதலிய இரண்டாம் பலகைக் குற்றங்களைத் தண்டிக்கும் ஆட்சியாளன், முதற்பலகைக்கும் காவலனாவான் என மசச்சூசெற்ஸ் தலைவர்கள் கொண்டனர். இக்கொள்கையை மறுத்து எழுந்த குரல் சமய நம்பிக்கையற்ற ஒருவரின் குரலன்று. அவர்கள் அனைவரினும் தீவிரமான தூய்மைவாதி ஒருவரின் குரலாகும்.

றொஜர் வில்லியம்ஸ் 1631இல் பொஸ்ரனை அடைந்தார். அங்குள்ள சபை தனக்குப் போதகராகுமாறு அவரை அழைத்தது. இங்கிலாந்துத் திருச்சபையினின்றும் வெளிப்படையாகப் பிரியாத சபை தூய சபையன்று எனக் கூறி அவர் மறுத்துவிட்டார். பின்னர் பிளிமத்திலும் சாலெமிலும் பணியாற்றிய காலத்தில் அவர் வெளியிட்ட கருத்துகள் ஆட்சியாளரைக் கலங்கச் செய்தன. சுதேசிகளின் நிலத்தை அவர்களிடம் பெறாமல் அதனைப் பிறர்க்கு வழங்க ஆங்கில மன்னனுக்கு உரிமையில்லை என்றார். முதற்பலகையை மீறுவோரைத் தண்டிக்க ஆட்சியாளருக்கு அதிகாரமில்லை என்றார். கடவுளின் பெயரால் எடுக்கும் சத்தியப்பிரமாணம் ஒரு வழிபாடாதலால், நம்பிக்கையில்லாதவனை அதற்குக் கட்டாயப்படுத்துதல் பாவம் என்றார். 1635 ஒக்ரோபரில் பொதுமன்றம் அவரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தது. 1636 ஜனவரியில், தம்மை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றவிருந்தமை அறிந்த வில்லியம்ஸ் கடும் பனியில் தெற்கு நோக்கித் தப்பிச் சென்றார். சுதேசிகளின் ஆதரவால் உயிர்பிழைத்த அவர், நராகான்செற் மக்களின் தலைவர்களிடம் நிலம் பெற்றுப் புறொவிடென்ஸ் என்னும் ஊரை நிறுவினார். நராகான்செற் விரிகுடாவிற்குச் செல்லுமாறு தமக்கு இரகசியமாக அறிவுறுத்தியவர் வின்திறொப்பே எனப் பிற்காலத்தில் அவர் எழுதினார். தனிப்பட்ட பகைமை இவ்வரலாற்றின் காரணியன்று என்பது இதனாற் புலனாகும்.

1644இல் இலண்டனில் வெளியான வில்லியம்ஸின் நூல், சமயத்தின் பெயரால் நிகழும் துன்புறுத்தலை இரத்தக்கறை படிந்த கோட்பாடெனச் சாடியது. பாராளுமன்றம் அதனை எரிக்கக் கட்டளையிட்டது. பொஸ்ரன் போதகர் யோன் கொற்றன் 1647இல் மறுப்பு வெளியிட்டார். 1652இல் வில்லியம்ஸ் அதற்கும் பதில் எழுதினார். இருவரும் ஒரே விவிலியத்தையே ஆதாரமாகக் கொண்டனர். கோதுமையோடு முளைத்த களைகளை அறுவடைக்காலம் வரை வளரவிடுமாறு எசமான் கூறிய உவமை மத்தேயுவின் நற்செய்தியில் உள்ளது. அவ்வுவமையில் வயல் என்பது உலகமே. ஆதலால் உலகில் தவறான நம்பிக்கையுடையோரைக் களைந்தெறியும் உரிமை எவ்வரசுக்கும் இல்லை என்பது வில்லியம்ஸின் விளக்கம். பண்டைய இஸ்ரவேல் கிறிஸ்துவின் வருகையை முன்னறிவித்த ஒரு தனிநிகழ்வு. அதனைப் பிற்கால அரசு எதுவும் தனக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்றும் அவர் வாதிட்டார். மேலும், ஆட்சியாளர் தம் அதிகாரத்தை மக்களிடமிருந்தே பெறுகின்றனர். பிறரின் ஆன்மாவின்மேல் மக்களுக்கே அதிகாரம் இல்லாதபோது அதனை அவர்கள் ஆட்சியாளருக்கு வழங்குவது எங்ஙனம்?

கொற்றனின் விடை அக்காலத்தவருக்கு வலிமைமிக்கதாகவே தோன்றியிருக்கும். மனச்சான்றுக்காக எவரையும் தண்டிக்கலாகாது என்பதை அவரும் ஏற்றார். ஆனால் அடிப்படை உண்மைகள் தெளிவானவை. மீண்டும் மீண்டும் அறிவுறுத்தப்பட்ட பின்னரும் தவறில் நிலைப்பவன் தன் மனச்சான்றுக்கு எதிராகவே பாவஞ் செய்கிறான். ஆகவே தண்டிக்கப்படுவது மனச்சான்றன்று, பிடிவாதமே என்றார். இவ்வாதத்தின் ஆபத்து இங்கேதான் உள்ளது. எதிரியின் உள்ளத்தில் உள்ளதைத் தண்டிப்பவரே தீர்மானிக்கும்பொழுது, நேர்மையான மாறுபாட்டிற்கு இடமேயில்லாது போகின்றது.

அவ்வாபத்து விரைவில் வெளிப்பட்டது. 1637இல், தன் இல்லத்தில் கூட்டங்கள் நடத்திப் போதகர்களின் உபதேசத்தை விமர்சித்த ஆன் ஹச்சின்சன் விசாரிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். 1638இல் சபையும் அவரை விலக்கியபொழுது அவரோடு எழுந்து வெளியேறிய மேரி டயர், பிற்காலத்தில் குவேக்கர் சமயத்தைத் தழுவினார். 1656 முதல் மசச்சூசெற்ஸிற்கு வந்த குவேக்கர்கள் சிறை, கசையடி, காதறுத்தல் முதலிய தண்டனைகளுக்கு ஆளாகியும் மீண்டும் மீண்டும் திரும்பினர். நாடுகடத்தப்பட்ட பின் திரும்பும் குவேக்கருக்கு மரணதண்டனை என 1658இன் சட்டம் விதித்தது. 1659இல் இருவர் தூக்கிலிடப்பட்டனர். அன்று தூக்குமேடையிலிருந்து விடுவிக்கப்பட்ட மேரி டயர் மறுபடியும் திரும்பி 1660 ஜூனில் உயிர்நீத்தார். 1661இல் நான்காமவரும் கொல்லப்பட்ட பின்னர், இரண்டாம் சாள்ஸ் மன்னனின் கட்டளையே மரணதண்டனையை நிறுத்தியது. சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சி இங்கிலாந்தை நீங்கியோரின் கரத்தை இங்கிலாந்து மன்னன் தடுக்க நேர்ந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

அமைப்பு உள்ளிருந்தும் தளர்ந்தது. நிறுவியோரின் பிள்ளைகளுட் பலர் தமக்கு ஆன்மிக அனுபவம் வாய்த்ததெனச் சபைமுன் கூற முன்வரவில்லை. அத்தகையோரின் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் வழங்கலாம் என 1662இல் போதகர் மாநாடு இணங்கியது. சாசனம் 1684இல் இரத்தாகி, 1691இன் புதிய சாசனம் வாக்குரிமையைச் சொத்துரிமைக்கு மாற்றியது. மறு ஆண்டில் சாலெமில் சூனியக் குற்றச்சாட்டின் பேரில் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். அச்சம், ஊர்ப்பகை, எல்லைப் போர் எனப் பல காரணங்கள் அங்கே கலந்திருந்தன. போதகர்களுட் சிலர் நீதிபதிகளை எச்சரித்ததும் உண்டு. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத உலகைப் பற்றிய குற்றச்சாட்டை அரசின் நீதிமன்றம் தீர்ப்பதன் விளைவு அங்கே வெளிப்பட்டது. நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சூவல் 1697இல் பொஸ்ரன் தேவாலயத்தில் எழுந்துநின்று, தம் குற்றப்பொறுப்பை ஏற்கும் கூற்றைப் போதகர் வாசிக்கச் செய்தார்.

றோட் ஐலண்ட் வேறு வழியிற் சென்றது. புறொவிடென்ஸின் குடிகள் குடியியல் விடயங்களில் மட்டுமே பெரும்பான்மையின் முடிவுக்குக் கட்டுப்படுவதாக ஒப்பந்தஞ் செய்தனர்; 1663இன் அரச சாசனம் சமய சுதந்திரத்தை உறுதிப்படுத்தியது. அங்கே நிலப்பூசல்களும் குழப்பங்களும் குறைவாக இருந்தனவல்ல. கட்டுப்பாடற்ற சுதந்திரத்தை வில்லியம்ஸும் ஏற்கவில்லை. நாட்டை அவர் ஒரு கப்பலுக்கு ஒப்பிட்டார்: பல சமயத்தோர் பயணஞ் செய்யும் கப்பலில் எவரையும் வழிபாட்டிற்கு இழுத்தலோ அவரவர் வழிபாட்டைத் தடுத்தலோ ஆகாது, ஆயின் கப்பலின் போக்கையும் அமைதியையும் காக்கக் கட்டளையிடத் தலைவனுக்கு உரிமையுண்டு. குவேக்கரின் உபதேசத்தை அவர் வெறுத்தார். 1672இல் முதுமையிலும் அவர்களோடு பகிரங்க வாதம் புரிந்தார். ஆனால் அவர்களை எவரும் தண்டிக்க வேண்டும் என அவர் கோரவில்லை.

அரசமைப்பில் சமய நிறுவன ஆதரவைத் தடைசெய்யும் ஐக்கிய அமெரிக்காவின் திருத்தம் 1791இல் நிறைவேறியது. அதன் பின்னும் மசச்சூசெற்ஸ் தன் சபைகளுக்குப் பொதுவரியால் ஆதரவளிக்கும் முறையை 1833இலேயே கைவிட்டது. அம்மரபில் வந்த சபைகளின் போதகர்களே 1816 முதல் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய அமெரிக்க மிசனை நடத்தினர் என்பது நம்மவர் அறியத்தக்கது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர் பிறந்த டான்வேஸ், பழைய சாலெம் கிராமமே. இங்கே அவர்களிடம் அரச அதிகாரம் இருக்கவில்லை. பள்ளிக்கூடமும் அச்சகமும் வாதமுமே அவர்களின் கருவிகளாயின; அவ்வாதத்திற்கு ஆறுமுக நாவலர் போன்றோர் அதே கருவிகளால் விடையளிக்கவும் முடிந்தது.

வில்லியம்ஸின் வரலாற்றில் பெரிதும் மறக்கப்படும் உண்மை ஒன்றுண்டு. சமயம் அரசியல் பற்றி வாய்திறக்கலாகாது என அவர் ஒருபோதும் கூறவில்லை. சுதேசிகளின் நிலத்தைப் பறித்தல் அநீதி என மன்னனையே அவர் கண்டித்தது தம் நம்பிக்கையின் அடிப்படையிலேயாகும். அவரும் கொற்றனும் வேறுபட்டது நம்பிக்கை சமுதாயத்தை நெறிப்படுத்தலாமா என்பதிலன்று. நெறிப்படுத்தும் கையில் வாள் இருக்கலாமா என்பதிலேயாகும். வாளை ஏந்திய சமயம் தன் எதிரிகளை மௌனமாக்கியது. ஆனால் தன் ஆட்சியின் தவறுகளைக் கண்டிக்கும் உரிமையையும் அதனோடு இழந்தது. வாளைத் துறந்த சமயத்திற்கே ஆட்சியாளரை நோக்கி உண்மை கூறும் தகுதி எஞ்சியது. மசச்சூசெற்ஸ் அனுபவம் சமயவாதிகளுக்கும் சமயச் சார்பற்ற அரசை விழைவோருக்கும் ஒருங்கே உணர்த்தும் பாடம் இதுவே எனலாம்.