மாந்துவாவின் குதிரை அரண்மனை

மிலானில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ரயிலில் இரண்டு மணி நேரம் பயணித்து மாந்துவா என்ற சிறிய ஊருக்குப் போனோம். ரோம், வெனிஸ் போலக் கூட்டம் இல்லை. ஊருக்கு வெளியே கொன்சாகா வம்சத்தார் குதிரை வளர்த்த இடத்தில், ஃபெடரிகோ கொன்சாகா என்ற சிற்றரசர் 1525 வாக்கில் பொழுதுபோக்குக்காகக் கட்டத் தொடங்கிய அரண்மனைதான் பலாட்ஸோ தே. கட்டியவர், ஓவியர் ரஃபேலின் சீடர் ஜூலியோ ரொமானோ.

பொதுப்பணித் துறையில் காலம் தள்ளியவன் என்பதால் என் கண் முதலில் சுவருக்குத்தான் போனது. பெரிய பெரிய பாறாங்கல் அடுக்கியதுபோல் தெரிகிறது. ஆனால் பெரும்பகுதி செங்கல்! அதன்மேல் காரை பூசிக் கல் போலச் செதுக்கியிருக்கிறார்கள். முற்றத்துச் சுவரின் மேற்பட்டையில் சில துண்டுகள் கீழே நழுவி நிற்கின்றன. ஒரு கணம் எனக்குப் பதறிவிட்டது. நழுவவில்லையாம், வேண்டுமென்றே அப்படி வைத்த குறும்பாம்.

ஒரு கூடம் முழுக்க ராஜாவின் செல்லக் குதிரைகள், ஆளுயரத்துக்கு மேல். சிலவற்றுக்குப் பெயரும் எழுதியிருக்கிறது. ஓவியர்களுக்கு உதவிய எத்தனையோ கொத்தனார்களின் பெயரை எங்கும் காணோம்.

அடுத்து அரக்கர் அறை. 1532க்கும் 1535க்கும் இடையில் வரைந்தது. தேவர்களின் மலைமீது ஏறத் துணிந்த அரக்கர்களை ஜூபிடர் இடியால் நொறுக்குகிறார். தரையிலிருந்து கூரை உச்சிவரை ஒரே படம். சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி மூலைகளை வளைத்து மழுக்கியிருக்கிறார்கள். தூண்களும் பாறைகளும் நம் தலைமேலேயே விழுவதுபோல் இருக்கிறது. ஒரு மூலையில் முணுமுணுத்தால் எதிர் மூலையில் கேட்கும். என் மனைவி "கால் வலிக்குது" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ராஜாவை எதிர்ப்பவர் கதி இதுதான் என்று விருந்தாளிகளுக்குச் சொல்லாமல் சொன்ன அறை என்றே எனக்குத் தோன்றியது. 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இந்த ஊருக்கு வந்து ஃபெடரிகோவை டியூக் ஆக்கினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1630இல், அதே பேரரசின் படைதான் இந்த ஊரைச் சூறையாடியது. கூடவே கொள்ளைநோயும் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கடனில் மூழ்கிய வாரிசுகள் குடும்பத்தின் அருமையான ஓவியங்களை இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸுக்கு விற்றிருந்தார்கள். சுவரில் வரைந்ததைக் கழற்றி விற்க முடியாதே, அதனால் குதிரைகளும் அரக்கர்களும் தப்பினார்கள்.

ஊருக்குள் இருக்கும் பழைய அரண்மனையில், 1474இல் மந்தேன்யா வரைந்து முடித்த ஓர் அறை இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.