பாங்காக் 1974 முதல் அகமதாபாத் 2025 வரை: நம்ம பசங்களின் கால்பந்து

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். கிளையில் ஆடிட் முடிந்து இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. வங்கிக்காரனுக்குக் கால்பந்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். 2015-ல் மாற்றலாகிக் கொல்கத்தா வந்தோம். நடுவில் இரண்டு வருடம் என்னை மட்டும் சிலிகுரிக்குத் தூக்கிப் போட்டார்கள். குடும்பம் இங்கேயேதான். இந்த ஊரில் மீன்காரரும் எங்கள் கிளை மேலாளரும் சரிசமமாக நின்று சண்டை போடும் விஷயம் ஒன்றே ஒன்றுதான்: மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா? இதற்குள் இருந்துகொண்டு எத்தனை நாளைக்குத்தான் கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது!

இந்தக் கதை 2017 அக்டோபர் 28-ல் தொடங்குகிறது. சால்ட் லேக் மைதானத்தில் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அன்று மைதானத்தில் 66,684 பேர். ஸ்பெயின் முதலில் இரண்டு கோல் போட்டது. அதன் பிறகு இங்கிலாந்து ஐந்து போட்டது. ஃபில் ஃபோடன் என்ற ஒல்லிப் பையன் அதில் இரண்டு. பையன் தொண்டை கட்டும் வரை கத்தினான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான். "அப்பா, நம்ம இந்தியா எப்பவாவது ஜெயிச்சிருக்கா?"

"ஏன் ஜெயிக்காம? 1951, 1962 ரெண்டு தடவையும் ஆசிய விளையாட்டுல தங்கம்டா. 1956 ஒலிம்பிக்ஸ்ல நாலாவது இடம்."

"அதெல்லாம் பெரியவங்க. பசங்க ஜெயிச்சிருக்காங்களா?"

எனக்குத் தெரியவில்லை. "தூங்கு" என்று சொல்லிவிட்டேன். அப்பாக்களின் வழக்கமான பதில் :-)

அடுத்த வேலை நாளில் அலுவலகத்தில் கேட்டேன். ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த எங்கள் தலைமைக் காசாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பாங்காக், 1974. போய்ப் படித்துப் பாருங்கள்." படித்தேன். அந்தப் படிப்பு இன்னும் முடிந்தபாடில்லை.

இரானோடு பங்கு போட்ட கோப்பை

1974 ஏப்ரலில் பாங்காக்கில் ஆசிய இளைஞர் கால்பந்துப் போட்டி நடந்தது. 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. நம் அணிக்குத் தலைவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஷபீர் அலி. பயிற்சியாளர் அருண் கோஷ், 1962-ல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். இறுதி ஆட்டம் இரானோடு. 2-2 என்று சமனில் முடிந்தது. கோப்பையை இரண்டு நாடுகளும் பகிர்ந்துகொண்டன.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஆசியாவின் இளைஞர் சாம்பியன் இந்தியா. ஆனால் அதற்கு மேலே ஏறப் படி கிடையாது. ஃபிஃபாவின் உலக இளைஞர் போட்டி 1977-ல் துனீசியாவில்தான் முதன்முதலாக நடந்தது. நம் பையன்கள் மூன்று வருடம் முன்னதாகவே ஜெயித்துவிட்டார்கள்!

கோப்பையைப் பங்கு போட்ட இரண்டு பேரும் பிறகு என்ன ஆனார்கள்? 1975-ல் ஈராக்கோடும் 1976-ல் வட கொரியாவோடும் பகிர்ந்து, இரண்டு ஆண்டும் இளைஞர் கோப்பையை இரான் மறுபடி வென்றது. 1977-ல் துனீசியாவுக்கும் போனது. 1978-ல் அதன் பெரியவர்கள் அணி அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பையிலேயே ஆடியது.

நம் கதை வேறு. அதே 1974 செப்டம்பரில் டெஹ்ரானில் ஆசிய விளையாட்டு. நம் பெரியவர்கள் அணி ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோல்வி. சீனாவிடம் மட்டும் ஏழு கோல் வாங்கினோம். தங்கம் இரானுக்கு. ஏப்ரலில் பையன்கள் இரானுக்குச் சமமாக நிற்கிறார்கள், செப்டம்பரில் பெரியவர்கள் தரையில் கிடக்கிறார்கள். நம் கால்பந்தின் மொத்த வரலாறும் அந்த ஐந்து மாதத்துக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அதற்குப் பிறகு அந்த இளைஞர் போட்டியின் இறுதி ஆட்டத்தை நாம் எட்டவே இல்லை. ஷபீர் அலிக்கு தியான் சந்த் விருது கிடைத்தது 2011-ல்தான். பாங்காக்குக்கும் அதற்கும் இடையே 37 வருடம்.

எண்பத்திரண்டாவது நிமிடம்

அடுத்த பெரிய வாய்ப்பு காசு கொடுத்து வாங்கியது என்றே சொல்லலாம். 2013 டிசம்பரில், 2017-ன் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை நடத்தும் உரிமை இந்தியாவுக்குக் கிடைத்தது. நடத்தும் நாட்டுக்குத் தகுதிச் சுற்று கிடையாது. நாடு முழுக்கத் தேடிப் பையன்களைப் பொறுக்கினார்கள். ஜெர்மானியர் நிக்கோலாய் ஆடம் பயிற்சியாளராக வந்தார். போட்டி நடக்கும் வருடத்தில் அவர் விலக, போர்ச்சுகீசியர் லூயி நார்ட்டன் டி மாட்டோஸ் பொறுப்பேற்றார். கடைசியில் தேர்ந்தெடுத்த 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். அணித்தலைவர் அமர்ஜித் சிங்கும், ஜீக்சன் சிங்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

டெல்லியில் ஆடிய முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0-3. இரண்டாவது, அக்டோபர் 9-ல் கொலம்பியாவோடு. முதல் பாதியில் கேரளப் பையன் ராகுல் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் பாதியில் கொலம்பியா ஒரு கோல் போட்டது. 82-வது நிமிடத்தில் நமக்கு ஒரு கார்னர். அடித்தவர் சஞ்சீவ் ஸ்டாலின் (பெயரைப் பார்த்துச் சென்னைப் பையன் என்று நானும் துள்ளினேன், பெங்களூர்க்காரராம்). பந்து வளைந்து உள்ளே வர, ஜீக்சன் எழும்பித் தலையால் முட்டினார். கோல்! எந்த வயதுப் பிரிவானாலும் சரி, ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான். லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் ஒருவர் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டினிக் கிண்ணம் கவிழ்ந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

கொண்டாடி முடிக்கவில்லை. அடுத்த நிமிடமே கொலம்பியா மறுபடி போட்டுவிட்டது. 1-2. கடைசி ஆட்டத்தில் கானாவிடம் 0-4. மூன்றும் தோல்வி. ஆனால் போட்டி முழுவதையும் பார்க்க வந்தவர்கள் 13,47,133 பேர். அந்த வயதுப் பிரிவின் உலகக் கோப்பைகளில் அதுவரை அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. "இந்தியாவில் கால்பந்து பார்க்க ஆளில்லை" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

ஸ்கலோனியை ஜெயித்த பையன்கள்

பலருக்குத் தெரியாத கதை இது. 2018 ஆகஸ்ட். ஸ்பெயினில், வலென்சியா பக்கம் கோட்டிஃப் என்ற போட்டி. நம் 20 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு எதிரே அர்ஜென்டினாவின் அதே வயது அணி. நாலாவது நிமிடத்திலேயே தீபக் டாங்ரி தலையால் முட்டி ஒரு கோல். இரண்டாம் பாதியில் நம் ஆள் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஆடும்போது அன்வர் அலி ஒரு ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் அனுப்பினார். 2-1, ஜெயித்தது இந்தியா. அன்று அர்ஜென்டினாப் பையன்களின் பயிற்சியாளர் யார் தெரியுமா? லியோனல் ஸ்கலோனி. ஆம், 2022-ல் கத்தாரில் மெஸ்ஸியோடு உலகக் கோப்பையைத் தூக்கிய அதே ஸ்கலோனி.

அதே ஆண்டு மலேசியாவில், 16 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டி. பிபியானோ பெர்னாண்டஸ் பயிற்சியில் நம் பையன்கள் வியட்நாமை 1-0 என்று வென்றார்கள். இரானோடு 0-0. ஒரு பெனால்டியைக் கோல்கீப்பர் நீரஜ் குமார் தடுத்தார். இந்தோனேசியாவோடும் 0-0. கால் இறுதியில் தென் கொரியாவிடம் 0-1. அதை மட்டும் ஜெயித்திருந்தால் 2019 உலகக் கோப்பைக்கு, யாரும் நடத்தக் கொடுத்த தயவில்லாமல், சொந்தக் காலில் நடந்து போயிருப்பார்கள். ஒரே ஒரு கோல்!

அடுத்த அணி 2020 ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. கொரோனா வந்தது, போட்டியே ரத்தானது. அந்தப் பையன்களுக்குத் திரும்ப அந்த வயது வரப்போகிறதா?

என் தொழில் புத்தி சொல்வது

வங்கியில் இருபது வருடத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறேன். நல்ல வட்டிக்குப் போட்ட வைப்பை, முதிர்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது உடைக்க வரும் வாடிக்கையாளர்களை வாரம் பத்துப் பேர் பார்க்கிறேன். நம் இளைஞர் கால்பந்தைப் படிக்கும்போது அதுதான் ஞாபகம் வருகிறது. முதல் போடுவதில் நாம் சோடை போகவில்லை. பதினாறு பதினேழு வயதில் நம் பையன்கள் இரானோடு சமமாக நிற்கிறார்கள், கொரியாவிடம் ஒரு கோலில் தோற்கிறார்கள், அர்ஜென்டினாவைக்கூட ஜெயிக்கிறார்கள். பதினேழிலிருந்து இருபத்திரண்டுக்குள் கணக்கை உடைத்துவிடுகிறோம்.

அந்த ஐந்து வருடத்தில் ஒரு ஆட்டக்காரனுக்கு வேண்டியது பாராட்டு விழா அல்ல, வாரா வாரம் கடுமையான ஆட்டம். சால்ட் லேக்கில் நாங்கள் பார்த்த ஃபோடன், அடுத்த மாதமே மான்செஸ்டர் சிட்டிக்காகச் சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கினார். நம் உலகக் கோப்பைப் பையன்களுக்காகவும் கூட்டமைப்பு 'இந்தியன் ஆரோஸ்' என்று ஓர் அணியை அமைத்து ஐ-லீக்கில் ஆட விட்டது. அதே நவம்பரில் முதல் ஆட்டத்திலேயே நம்ம சென்னை சிட்டி அணியை 3-0 என்று வென்றார்கள் (தோற்றது நம்ம ஊர் என்றாலும் எனக்கு அன்று சந்தோஷம்தான்!). நல்ல ஏற்பாடு. ஆனால் 2010-ல் தொடங்கி 2013-ல் மூடி, 2017-ல் மறுபடி திறந்து, 2022-ல் மறுபடி மூடிவிட்டார்கள். இப்படித் திறந்து திறந்து மூடினால் எந்தக் கணக்கில் வட்டி சேரும்?

ஆட இடம் கிடைத்தவர்கள் வளர்ந்தார்கள். ஜீக்சன் கேரளா பிளாஸ்டர்ஸிலும், சுரேஷ் சிங் பெங்களூரு அணியிலும் தொடர்ந்து ஆடி இந்தியாவின் பெரியவர்கள் அணிக்கு வந்தார்கள். அன்வர் அலிக்கு 2019-ல் இதயக் கோளாறு என்று தெரிந்து ஆட்டத்தையே நிறுத்தச் சொன்னார்கள். நீதிமன்றம் வரை போய், திரும்ப வந்து, 2022-ல் நாட்டுக்காக ஆடினார். 21 பேரில் இப்படி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்குத் திறமை குறைவு என்று நான் நம்பவில்லை.

கடைசியாக, வீட்டுக் கணக்கு

இவ்வளவு பேசும் நான் என் வீட்டில் என்ன செய்தேன்?

பையன் எட்டாம் வகுப்பு வரை இங்கே ஒரு பாடா கிளப்பில் தினமும் சாயங்காலம் ஆடினான். இடது பக்கம், நல்ல ஓட்டம். ஒன்பதாம் வகுப்பு ஆரம்பித்ததும் "பத்தாவது வரப்போகுதுடா, இனிமே டியூஷன்" என்று நிறுத்தியது நான்தான். தங்கமணிகூட "ஞாயித்துக்கிழமையாவது போகட்டுமே" என்றாள். நான் கேட்கவில்லை. பூட்ஸ் பரணில் போனது. அவன் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவன் இந்தியாவுக்கு ஆடியிருப்பான் என்று சொல்ல வரவில்லை. கூட்டமைப்பு செய்ததையேதான் நானும் செய்தேன் என்று சொல்கிறேன்.

2025 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத்தில் 17 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரே மறுபடியும் இரான்! பயிற்சியாளர் மறுபடியும் அதே பிபியானோ. ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டம். இரான் முதலில் கோல் போட்டது. இடைவேளைக்கு முன் பெனால்டியில் நாம் சமன் செய்தோம். இடைவேளைக்குப் பின் இன்னொன்று. 2-1. 2026 ஆசியப் போட்டிக்கு இந்தியா தகுதி. பாங்காக்கில் பங்கு போட்டுக்கொண்ட இரானை, 51 வருடம் கழித்து நம் பையன்கள் நேராக ஜெயித்தார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பையனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். ஆட்டம் முடிந்ததும் கேட்டான்: "இவங்க இனிமே எங்கப்பா ஆடுவாங்க?"

இந்த முறை தூங்கச் சொல்லவில்லை. தெரியவில்லை என்றேன். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து பூட்ஸை எடுத்துக் கொடுத்தேன். கால் இரண்டு சைஸ் வளர்ந்துவிட்டிருந்தது. அடுத்த ஞாயிறு காலையில் இருவருமாகப் போய்ப் புதிது வாங்கினோம்.