சோழனைத் தேடிப் போன பள்ளத்தாக்கு

கமுந்திங்கிலிருந்து விடியற்காலையில் வேன் எடுத்தால், வெயில் ஏறுவதற்குள் மெர்போக் போய்ச் சேர்ந்துவிடலாம். நாங்கள் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் ‘பொன்னியின் செல்வன்’ பார்த்த சூட்டில் கிளம்பியவர்கள். ஒருவன் புலிக்கொடி அச்சடித்த டீ சட்டையோடு வந்திருந்தான். சுங்கை பட்டாணியைத் தாண்டியதும் குனோங் ஜெராய் தெரிந்தது. 1,217 மீட்டர். சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் மலை. வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிக்குக் கரை வந்துவிட்டதென்று சொன்னது இந்த மலைதான்.

பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியக வாசலில் வழிகாட்டி காத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். டீ சட்டைக்காரன் முதல் கேள்வியைக் கேட்டான்.

“சார், ராஜேந்திர சோழன் கட்டின கோயில் எது சார்?”

“அவர் கட்டினதுன்னு சொல்ல ஒரு எழுத்துகூட இங்க கிடைக்கல தம்பி. வா, யார் யார் வந்தாங்கன்னு நடந்துகிட்டே பேசுவோம்.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

மலையடிவாரத்தில் ஏறும் நடைபாதையின் ஓரத்தில் செங்கல், செம்புரைக்கல் அடித்தளங்கள் இருக்கின்றன. வேறு இடங்களில் தோண்டியெடுத்து, இங்கே கொண்டுவந்து மறுபடி அடுக்கியவை. இந்த வட்டாரத்தின் இடிபாடுகளைப் பற்றி 19ஆம் நூற்றாண்டிலேயே ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதினார். 1930களின் பிற்பகுதியில் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரத்தியும் முப்பது இடங்களுக்கு எண் போட்டு ஆய்வு செய்தார்கள். அந்த எண்களில் ஒன்றான எட்டாவது இடம் மட்டும் தன் சொந்த இடத்திலேயே நிற்கிறது. அதுதான் சண்டி புக்கிட் பத்து பஹாட். பக்கத்தில் ஓடை சலசலக்கிறது. 1959–60இல் அலஸ்டர் லாம்ப் அதை அகழ்ந்து மறுசீரமைத்தார்.

சிவன் கோயில் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். கருவறைக்கு ஒரு மேடை, முன்னால் மண்டபத்துக்கு ஒரு மேடை. மேலே ஒன்றுமில்லை. சுற்றிலும் குழி வெட்டிய வட்டக் கற்கள். அந்தக் குழிகளில் மரத்தூண் நின்றது. கூரையும் மரமோ ஓலையோதான். எல்லாம் மக்கிப் போக, கல் மட்டும் மிச்சம். மேடைக்கு அடியில் கிடைத்த கல்பேழைகளில் நடுவில் ஒரு குழி, சுற்றி எட்டுக் குழி. குடமுழுக்குக்கு முன் நம் ஊரில் கருவறைக்குக் கீழே நவரத்தினம் வைப்பதை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஆனால் தஞ்சாவூர் விமானத்தின் சாயல் இதில் இல்லை. கேட்ட வழிபாட்டை, இந்த ஊர் தச்சர் தன் கைக்குப் பழகிய மரத்தில் கட்டியிருக்கிறார்.

“இதுக்குத்தான் கப்பல்ல படை வந்துச்சா?” என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. 1025 வாக்கில் ராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது. கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. அவன் யானைகளையும் பொருளையும் கவர்ந்ததைச் சொல்கிறது. இங்கே ஒரு கோயில் எழுப்பியதாக அது சொல்லவில்லை. படை வந்தது, அடித்தது, போனது. இந்தப் பள்ளத்தாக்கை உண்டாக்கியவர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னாலேயே வந்தவர்கள்.

அவர்களில் பெயர் தெரிந்த ஒருவன் புத்தகுப்தன். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாலுமி. 1834இல் செபராங் பிறையில் ஜேம்ஸ் லோவுக்குக் கிடைத்த பலகைக்கல்லில், ஒரு தூபியின் படத்தோடு அவன் பெயர் இருக்கிறது. பயணம் நல்லபடி முடியவேண்டும் என்ற வேண்டுதலும், அறியாமையால்தான் வினை சேர்கிறது என்ற பௌத்தக் கருத்தும் அதில் உண்டு. கல் இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில். அவன் ஊர் இரத்தமிருத்திகை, அதாவது செம்மண். வங்காளத்தில் இருந்த ஒரு பௌத்த மடத்தோடு அந்தப் பெயரைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆக, கடாரத்துக் கரையில் நாம் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய முதல் மாலுமி தமிழன் இல்லை.

அடுத்து வந்தவர்கள் துறவிகள். 7ஆம் நூற்றாண்டில் யிஜிங் என்ற சீனத் துறவி இந்தியா போகும் வழியில் இங்கே தங்கினார். அவர் இதைச் ‘சியே-சா’ என்று எழுதினார். கப்பல் இஷ்டத்துக்குக் கிளம்பாது. தென்மேற்குக் காற்றில் இந்தியாவிலிருந்து வரலாம். திரும்ப வடகிழக்குக் காற்று வீசும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவனுக்கு உறங்க இடம், சோறு, கும்பிட ஒரு சாமி. வாணிகமும் மடமும் ஒரே கரையில் வளர்ந்ததற்கு அந்தக் காற்றும் ஒரு காரணம். வூ-ஷிங் என்ற இன்னொரு துறவி இங்கிருந்து கப்பல் மாறி, முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்ததாகவும் யிஜிங் எழுதியிருக்கிறார்.

அங்கேதான் கதை திரும்புகிறது. நாம் ‘சோழன் வென்ற கடாரம்’ என்கிறோம். அதற்கு இருபது வருடம் முன்பு, கடாரத்து அரசன் சோழநாட்டில் கட்டிய ஒன்று இருக்கிறது. ராஜராஜன் காலத்தில், ஸ்ரீவிஜயத்து மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரத்தை எழுப்பினான். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் எழுதி உறுதிப்படுத்தியவன், பின்னாளில் கடாரத்தின் மேல் படை அனுப்பிய அதே ராஜேந்திரன். 1090இல் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டதால் அந்தப் பள்ளியின் நிலங்களுக்கு மறுபடி சலுகை கிடைத்தது. சண்டை ஒரு பருவம். போக்குவரத்து பல நூற்றாண்டு.

“பள்ளின்னுதான் செப்பேட்டுல இருக்கு. பெரும்பள்ளி,” என்றார் சார். “துறவிங்க படுத்த இடம், அப்புறம் படிச்ச இடம். நான் முப்பது வருஷம் வேலை பார்த்ததும் பள்ளிதான்.”

அந்த விகாரத்தின் மிச்சமாக நாகப்பட்டினத்தில் ஒரு செங்கல் கோபுரம் 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. ஊர்க்காரர்கள் புதுவெளிக் கோபுரம் என்றார்கள், வெள்ளைக்காரர்கள் சீனக் கோபுரம் என்றார்கள். நிலத்தைப் பெற்ற ஏசு சபைப் பாதிரியார்கள் அதை இடிக்க அனுமதி கேட்டார்கள். அரசு கொடுத்தது. 1867இல் கோபுரம் போயிற்று. அந்த வட்டாரத்தில் கிடைத்த முந்நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள்தான் இன்று சாட்சி.

நடையின் முடிவில் சார் எங்களை வேனில் ஏறச் சொல்லி, சுங்கை பத்து பக்கம் கூட்டிப்போனார். செம்பனைத் தோட்டத்துக்குள் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அகழ்ந்த இரும்பு உருக்கிய இடம் அங்கே இருக்கிறது. அதன் காலத்தைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் தகராறு இன்னும் தீரவில்லை. ஆனால் உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்களைப் பார்த்தபோது, அரசர்கள் பெயரெல்லாம் மறந்துபோயிற்று. யாரோ புகையில் நின்று வேலை செய்திருக்கிறார்கள்.

கடைசியாக அவர் சொன்னது பதினோராம் எண் பற்றி. குவாரிச் வேல்ஸ் எண் போட்ட சண்டிகளில் ஒன்று. தனியார் நிலத்தில் இருந்தது, மரபுடைமையாக அரசிதழில் பதியப்படவில்லை. வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடிக்கப்பட்டது. 2013 டிசம்பரில்தான் செய்தி வெளியே வந்தது. தேசிய மரபுடைமைச் சட்டம் வந்து அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. ‘சோழன் வென்ற கடாரம்’ நூலை எழுதிய டத்தோ வீ. நடராஜன் போன்றவர்கள் குரல் கொடுத்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

“அங்க ஒரு சண்டி இருந்துச்சுன்னு உடையறதுக்கு முன்னாடி உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?” என்று சார் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை.

இடித்தது நிலத்துக்கு உரிமைக்காரர். கேட்க நாதியில்லாமல் போனது யாரால் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் உடைபட்டதும் இதே கணக்கில்தான். நூறு வருடம் கும்பிட்டோம், நிலப்பட்டா வேறொருவர் பேரில். பள்ளிப் பாடநூலில் மலாக்காவுக்குக் கிடைக்கும் இடம் பழங்கெடாவுக்குக் கிடைப்பதில்லை என்று நாம் குறைப்படுகிறோம். நியாயம்தான். ஆனால் அந்தக் காலி இடத்தில் நாம் ஒரு படையெடுப்பை மட்டும் நிரப்பி வைத்தோம். வென்றவன் எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை, பெருமைப்பட்டால் போதும். வங்காளத்து மாலுமி, சீனத் துறவி, உள்ளூர்த் தச்சர், இரும்பு உருக்கியவர் எல்லாரும் சேர்ந்து விட்டுப்போன செங்கல் என்றால், அதைக் காவல் காக்கும் பொறுப்பு நமக்கும் வருகிறது. அது தமிழனுடையதாக மட்டும் இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லாமல் போகிறது.

திரும்பும் வழியில் டீ சட்டைக்காரன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். “நம்ம ஊருப் பக்கம் இந்த மாதிரி எதுவும் இல்லையாண்ணே?”

இருக்கிறது. 1936இல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகளோடு ஒரு அவலோகிதேஸ்வரர் செப்புச் சிலை கிடைத்தது. அதைவிடக் கிட்டத்தில், தைப்பிங்கைத் தாண்டி மாத்தாங் சதுப்புக் காட்டுக்குள் கோலா செலின்சிங் இருக்கிறது. கண்ணாடி மணிகள் கிடைத்த பழைய குடியிருப்பு. விஷ்ணுவர்மன் என்று பெயர் பொறித்த ஒரு சூதுபவள முத்திரையும் அங்கே கிடைத்தது. கமுந்திங்கில் பிறந்து வளர்ந்த எனக்கே அது தெரியவந்தது முப்பது வயதுக்கு மேல்தான்.

“விஷ்ணுவர்மன்னா எந்த ராஜாண்ணே? பல்லவரா?”

“ராஜாவான்னே தெரியாது. முதல்ல போய்ப் பார்ப்போம்.”

அவன் கைத்தொலைபேசியை எடுத்துத் தேதி பார்க்க ஆரம்பித்தான்.